மருமகனுக்கு விசா கிடைத்துவிட்டது, இனி எங்கே தங்குவது?

கேள்வி: நான் 1989ல் லண்டன் வந்தவன். வந்த ஏழாம் மாதமே பெற்றோல் ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். இப்போது ஈஸ்ட் ஹாமில் இரண்டு அறைக் கவுன்சில் (உள்ளூராட்சி) வீட்டில் மனைவியோடு இருக்கிறேன். என் தங்கையின் மகனுக்கு 26 வயது, தனி ஆள். அவனை 16 மாதமாக ஹோம் ஒஃபிஸ் (உள்துறை அமைச்சு) லீட்ஸில் ஒரு ஹோட்டலில் வைத்திருந்தது. போன வாரம் அகதி அந்தஸ்து கிடைத்தது. கூடவே 28 நாளில் அறையை விடச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. உடனே கூட்டி வந்து எங்களோடு வைத்திருக்கலாமா? மனைவிக்கும் விருப்பம்தான். ஆனால் என் மகள் இரண்டு பிள்ளைகளோடு மூன்று வருடமாகக் கவுன்சில் கொடுத்த ஒரே அறையில் இருக்கிறாள். “நேற்று வந்தவருக்கு ஹோட்டல், இங்கே பிறந்த எனக்கு வெயிட்டிங் லிஸ்ட்டா?” என்று கேட்கிறாள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவனும் இத்தனை மாதத்தில் நாலு வசனம் இங்கிலீஷ் பழகவில்லை. நாங்கள் வந்தபோது இப்படியா இருந்தோம்? இரவில் சில நேரம் கத்திக்கொண்டு எழும்புகிறானாம். அதைத் தவிர ஆரோக்கியமான பிள்ளை.

பதில்:

அன்புள்ள அண்ணா,

முதலில் அவசரமான விஷயம். தம்பியை இப்போதே கூட்டி வர வேண்டாம். உங்கள் மனம் எனக்கு விளங்குகிறது. மாமன் வீடு இருக்கும்போது மருமகன் ஏன் தெருவில் நிற்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இந்த நாட்டு வீட்டுச் சட்டம் அப்படி நினைப்பதில்லை. அவர் பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து கவுன்சிலின் கண்ணில் அவர் வீடற்றவர் இல்லை. உதவி கேட்டால், “இருக்க இடம் இருக்கிறதே” என்பார்கள். அதை மாற்ற வேண்டுமானால் நீங்களே அவரை வெளியே போகச் சொல்லிக் கடிதம் எழுத வேண்டி வரும். அந்தக் கடிதத்தை எழுதிவிட்டுத் தங்கையோடு எப்படிப் போனில் கதைப்பீர்கள்?

இன்னொரு காரணமும் உண்டு. வீடில்லாதவருக்கு எந்தக் கவுன்சில் பொறுப்பு என்பதை ‘உள்ளூர்த் தொடர்பு’ வைத்துத்தான் முடிவு செய்வார்கள். 1999ஆம் ஆண்டின் குடிவரவு, தஞ்சச் சட்டத்தின் 95ஆம் பிரிவின் கீழ் ஹோம் ஒஃபிஸ் ஒருவரைக் கடைசியாக எந்த ஊரில் வைத்திருந்ததோ, அந்த ஊரோடு அவருக்குத் தொடர்பு இருப்பதாகச் சட்டமே சொல்கிறது. தம்பியின் உதவிக் கடிதத்தை எடுத்து அதில் 95 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவருடைய கவுன்சில் லீட்ஸ். ஈஸ்ட் ஹாமில் மாமா இருப்பது பொதுவாக உங்கள் கவுன்சிலான நியூஹாமோடு தொடர்பாக எண்ணப்படாது. தாய், தகப்பன், கூடப் பிறந்தவர்கள் அங்கே ஐந்து வருடமாக இருந்தால் கதை வேறு.

ஆகவே இந்த வாரமே அவர் லீட்ஸ் கவுன்சிலில் வீடற்றோர் பிரிவுக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வாயால் சொல்வதோடு விட வேண்டாம், எழுத்திலும் போகட்டும். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, 56 நாளுக்குள் வீடிழக்கப் போகிறவருக்கு, அவர் தனி ஆளானாலும் சரி, உதவ வேண்டியது கவுன்சிலின் கடமை. அவர் நிலைமையைக் கேட்டு எழுதி ஒரு திட்டம் தர வேண்டும். பல இடங்களில் வாடகை முற்பணத்துக்கும் உதவுவார்கள். “வெளியேற்றும் நாளன்று வா” என்று கவுண்டரில் சொன்னால் திரும்பி வந்துவிடக் கூடாது.

அதே நாளில் யுனிவேர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப் பணத்துக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இந்தக் கணக்கைப் பாருங்கள்: ஹோட்டல் 28 நாளில் முடியும், யுனிவேர்சல் கிரெடிட்டின் முதல் பணம் வர ஐந்து வாரம், அதாவது 35 நாள். முதல் நாளே போட்டாலும் ஒரு வாரம் கையில் ஒன்றும் இல்லை. 2024 டிசம்பரில் இந்த அவகாசத்தைச் சோதனை முறையில் 56 நாளாக்கினார்கள். மூச்சு விட நேரம் கிடைத்தது. 2025 செப்டம்பரில் தனி ஆட்களுக்குத் திரும்பவும் 28 ஆக்கிவிட்டார்கள். அதிலிருந்து என் மேசைக்கு வருகிறவர்களின் முகம் மாறிவிட்டது, அண்ணா. நல்ல செய்தி கிடைத்த மாதமே அவர்களுக்கு மிகவும் பயமான மாதமாகிறது. தம்பி அட்வான்ஸ் கேட்கலாம். அது கடன்தான், பின்னால் மாதாமாதம் கழிப்பார்கள். அகதிகளுக்கென்று வட்டியில்லாத ஒருங்கிணைப்புக் கடனும் இருக்கிறது, அதற்கும் போடட்டும்.

இணையத்தில் உள்ள ஈ-விசாவைத் திறந்து பெயரைச் சரிபாருங்கள். இது நம் ஆட்களுக்கென்றே உள்ள வில்லங்கம். தகப்பன் பெயர் முன்னுக்கும் தன் பெயர் பின்னுக்கும் ஓரிடத்தில் இருக்கும், இன்னோரிடத்தில் மாறியிருக்கும், மூன்றாம் இடத்தில் முதலெழுத்து மட்டும் நிற்கும். பெயர் பொருந்தாவிட்டால் வங்கிக் கணக்கு திறக்காது. விசாவைச் சரிபார்க்க வீட்டுக்காரர் கேட்கும் ஷேர் கோடிலும் வேறு பெயர் வரும். இங்கிலாந்தில் வாடகைக்கு விடுகிறவர் ஒவ்வொருவரும் குடியிருக்க உரிமை உண்டா என்று பார்க்கவேண்டும், தவறினால் பெரிய அபராதம். அதனால் ஒரு எழுத்துப் பிழைக்கே வீட்டுக்காரர்கள் பயந்து “வேண்டாம்” என்றுவிடுகிறார்கள்.

35 வயதுக்குக் குறைந்த தனி ஆளுக்கு, பகிர்ந்து வாழும் வீட்டில் ஒரு அறைக்கான அளவுதான் பெரும்பாலும் வாடகை உதவி கிடைக்கும். லண்டன் வாடகைக்கு அது எட்டாது. லீட்ஸில் எட்டவாவது வாய்ப்பு இருக்கிறது. இதையும் யோசியுங்கள்.

சரி, மகளின் கேள்விக்கு வருவோம். அதைத் தட்டிவிட எனக்கு மனமில்லை. நியூஹாமில் தற்காலிக வீட்டில் கிடக்கும் குடும்பங்களின் விகிதம் இங்கிலாந்திலேயே மிக மோசமானவற்றில் ஒன்று. ஒரே அறையில் கட்டிலுக்கு மேலே உடுப்புக் காயப்போட்டு, குளிக்கும் அறையில் இருந்து பிள்ளை வீட்டுப்பாடம் செய்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சின்னவன் நித்திரையானதும் லைட்டை அணைக்க வேண்டுமே, அதற்காகத்தான் மூத்தவள் குளிக்கும் அறைக்குள் போகிறாள். அப்படி இருக்கிற ஒருத்திக்கு யார்மேலும் கோபம் வரும்.

ஆனால் தம்பி இருந்த அறை உங்கள் மகளுக்குப் போகவேண்டிய அறை இல்லை. தஞ்சம் கேட்டுக் காத்திருப்பவரைக் கவுன்சில் வீட்டுப் பட்டியலில் சேர்க்கவே சட்டத்தில் இடமில்லை. அவரை வைத்திருப்பது ஹோம் ஒஃபிஸ், மூன்று தனியார் நிறுவனங்களோடு 2019ல் போட்ட பத்து வருட ஒப்பந்தத்தின் மூலம். அப்போது செலவு 4.5 பில்லியன் பவுண்ட் ஆகும் என்றார்கள். 2025 மே மாதம் தேசியத் தணிக்கை அலுவலகம் 15.3 பில்லியன் என்று கணித்தது. செலவில் நான்கில் மூன்று பங்கு ஹோட்டல்களுக்குப் போனது. அந்த ஹோட்டல்களில் இருந்தவர்களோ மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம் பேர்தான். அந்தப் பணம் தம்பியின் கைக்கு வரவில்லை. சமைத்த சாப்பாடு கொடுக்கும் ஹோட்டலில் அவருக்கு வாரம் கிடைத்தது 10 பவுண்டுக்கும் குறைவு.

மகளுடைய வீடு எங்கே போனது என்றால், அது நெடுநாள் கதை. 1950களிலும் 60களிலும் கவுன்சில்கள் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வீடு கட்டின. 1980ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பவரே கவுன்சில் வீட்டைக் கழிவு விலையில் வாங்கலாம் என்றது. இங்கிலாந்தில் மட்டும் இருபது லட்சத்துக்குக் கிட்டிய வீடுகள் அப்படிக் கைமாறின. விற்றதற்கு ஈடாகக் கட்டவில்லை. விற்ற வீடுகளில் பல இன்று தனியார் வாடகைக்கு ஓடுகின்றன, அதே கவுன்சிலே கூடுதல் காசு கொடுத்து அவற்றை எடுத்து வீடற்ற குடும்பங்களை வைக்கிறது. இப்போது பட்டியலில் சுமார் 13 லட்சம் குடும்பங்கள். உங்கள் மகள் அதில் ஒருத்தி. தம்பி விமானம் ஏறுவதற்கு எத்தனையோ வருடம் முன்பே அந்த வரிசை நீண்டுவிட்டது.

மகள் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். ஹோம் ஒஃபிஸின் நிறுவனங்கள் வாடகை மலிவான ஊர்களில் வீடுகளைத் தேடி எடுக்கும்போது, அதே தெருவில் கவுன்சிலும் தேடிக்கொண்டு நிற்கிறது. பிறகு 28 நாளில் ஒருவரை வெளியே விட்டால் அவர் போய் நிற்கும் கதவும் கவுன்சில்தான். ஒரு அரசு அலுவலகம் கணக்கை முடிக்கிறது, இன்னொன்றின் வாசலில் ஆள் நிற்கிறார். இந்த நெருக்கம் உண்மை. அதைச் செய்தவர் தம்பி அல்ல என்பதும் உண்மை. மகளிடம் இரண்டையும் சொல்லுங்கள். ஒன்றை மறைத்தால் மற்றதை நம்பமாட்டாள்.

அவளுக்காக ஒரு விஷயம் கேட்கிறேன். அந்த அறையில் சமையலறையோ குளிக்கும் அறையோ வேறு குடும்பங்களோடு பங்கா? தனியார் நடத்தும் இடமா? அப்படியானால் பிள்ளைகள் உள்ள குடும்பத்தை ஆறு வாரத்துக்கு மேல் அங்கே வைத்திருப்பது சட்டத்துக்கு மாறானது. தனி இடமாகவே இருந்தாலும், இரண்டு பிள்ளைகள் வளர்ந்த பிறகு அது தகுதியான இடமா என்று திரும்பப் பார்க்கச் சொல்லி எழுதலாம். மூன்று வருடத்தில் அவள் ஒருமுறையாவது எழுத்தில் கேட்டாளா? எனக்கென்னவோ கேட்டிருக்கமாட்டாள் என்று படுகிறது. நம் வீட்டுப் பெண்கள் பொறுத்துக்கொள்வதில் பெயர் பெற்றவர்கள். வீட்டுவசதி வழக்குகளுக்கு வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசச் சட்ட உதவி இன்னும் இருக்கிறது. வீட்டுப் பிரச்சினைகளுக்கு உதவும் ஷெல்டர் அமைப்பின் உதவி எண்ணுக்கு எடுத்தால் வழி காட்டுவார்கள்.

“நாங்கள் வந்தபோது இப்படியா இருந்தோம்?” என்று கேட்டிருந்தீர்கள். அண்ணா, நீங்கள் உழைத்ததை நான் குறைக்கவில்லை. இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை கண்ணாடிக்குப் பின்னால் நின்ற தலைமுறையால்தான் நாங்களெல்லாம் இங்கே தலை நிமிர்ந்தோம். ஆனால் நீங்கள் வந்த ஏழாம் மாதம் வேலைக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதம் முடிந்தால் வேலை செய்ய அனுமதி கேட்கலாம் என்று அன்று விதி இருந்தது. 2002 ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள். இன்று தஞ்சம் கேட்டவர் 12 மாதம் காத்திருந்த பிறகே விண்ணப்பிக்கலாம், அதுவும் ஒரு குறுகிய பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும். உங்களுக்கு இங்கிலீஷ் எங்கே வந்தது? பள்ளிக்கூடத்திலா? “எந்தப் பம்ப்?”, “ரிசீட் வேணுமா?” என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவை கேட்டுத்தானே வந்தது.

நீங்கள் வந்தபோது லண்டனில் சொந்தக்காரர் வீட்டிலேயே இருந்துகொண்டு கேஸை நடத்தலாம். ஒருவர் சட்டை கொடுப்பார், ஒருவர் வேலைக்குச் சொல்லிவிடுவார், வெள்ளிக்கிழமை கோயிலில் நாலு பேரைக் காணலாம். 2000ஆம் ஆண்டிலிருந்து ஹோம் ஒஃபிஸ் தங்குமிடம் தருவதென்றால் எந்த ஊர் என்று அதுதான் தீர்மானிக்கிறது. தம்பி தமிழ் முகம் காணாத ஹோட்டலில் சமைக்க முடியாத அறையில் இருந்தார். ஒருமுறை நகரத்துக்குப் போய்வந்தால் வாரக் காசில் பாதி பஸ்ஸுக்குப் போய்விடும். அரச செலவில் இங்கிலீஷ் வகுப்புக்கும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். வெளியே போனால் வாசலில் எதிர்ப்புக் காட்டிக் கொடி பிடித்துக்கொண்டு ஆட்கள். 2024 ஆகஸ்டில் ரொதர்ஹாம் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு உள்ளே ஆட்கள் இருக்கும்போதே தீ வைக்கப் பார்த்தார்கள், நினைவிருக்கிறதா? சவுத்போட்டில் மூன்று சிறுமிகளைக் கொன்றவன் படகில் வந்தவன் என்று பரவிய பொய்யோடு தொடங்கியது அது. கொன்றவன் கார்டிஃபில் பிறந்தவன். அந்த வாரம் என்னிடம் வரவேண்டிய ஏழு பேர் வெளியே இறங்கப் பயந்து வரவில்லை. இப்படி அடைத்து வைத்துவிட்டு, “கலந்து பழகவில்லை” என்று அவர்களையே குற்றம் சொல்வது எனக்கு ஏற்கவில்லை.

நம் ஆட்கள் வந்தபோதும் வரவேற்பு இருக்கவில்லை. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பி அனுப்ப முயன்றபோது தமிழ் இளைஞர்கள் உள்ளாடையோடு நின்று மறுத்தார்கள். அதே வருடம் ஹாரிச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற பழைய பயணிகள் கப்பலில் அடைத்து வைத்தார்கள், பெரும்பாலும் தமிழர்கள். ஒக்டோபர்ப் புயலில் அந்தக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போனது. அதன் பிறகுதான் அவர்களை வெளியே விட்டார்கள். 2023ல் போட்லண்ட் துறைமுகத்தில் பிபி ஸ்டொக்ஹோம் மிதவையில் ஆட்களை ஏற்றியபோது எனக்கு ஹாரிச்தான் ஞாபகம் வந்தது. அந்தக் கப்பலில் இருந்த பையன்களைப் பற்றியும் அன்று சிலர், “இவர்கள் இந்த நாட்டோடு ஒட்டமாட்டார்கள்” என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இப்போது தம்பி எந்த வேலையும் செய்யலாம், எந்த வகுப்புக்கும் போகலாம். ஈஸ்ட் ஹாமில் தெரிந்த கடையில் கையில் காசு வாங்கி நிற்கவைக்க வேண்டாம். சம்பளச் சீட்டு உள்ள வேலையே அவருக்குத் தேவை. வீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு நிலையான முகவரி கிடைத்துவிட்டால் ஆறு மாதத்தில் அவருடைய இங்கிலீஷைக் கேட்டு நீங்களே சந்தோஷப்படுவீர்கள். நான் இதைப் பல பேரிடம் பார்த்துவிட்டேன். சாவி கைக்கு வந்த பிறகுதான் மொழி வருகிறது.

இனி உங்கள் கடிதத்தின் கடைசி வசனம். “இரவில் கத்திக்கொண்டு எழும்புகிறான், அதைத் தவிர ஆரோக்கியமான பிள்ளை.” போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். ஆனால் தம்பியின் வீடு இந்த ஒரு வசனத்தில்தான் இருக்கலாம்.

ஆரோக்கியமான தனி ஆணுக்குத் தற்காலிகமாகவேனும் ஒரு இடம் கொடுக்கும் கட்டாயம் இங்கிலாந்தில் கவுன்சிலுக்கு இல்லை. (ஸ்கொட்லாந்தில் 2012லேயே இந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டார்கள்.) பிள்ளைகள் உள்ளவர், கர்ப்பிணி, பிறகு ‘பலவீன நிலையில் உள்ளவர்’ போன்ற சிலருக்கே முன்னுரிமை. வீடு இழந்தால் சாதாரணமான ஒருவருக்கு வரும் பாதிப்பைவிட இவருக்குக் கணிசமாக அதிகம் பாதிப்பு வருமா என்று பார்க்க வேண்டும் என 2015ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போர் முடிந்த 2009 மே மாதத்தில் தம்பிக்குப் பத்து வயதுதான் இருந்திருக்கும். அந்த வயதில் எங்கே இருந்தார், என்ன பார்த்தார், பிறகு அவரைப் பிடித்துக்கொண்டு போனார்களா, என்ன செய்தார்கள் என்பதெல்லாம் ஹோம் ஒஃபிஸ் நேர்முகத்தில் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவின் பிரதியை லோயரிடம் வாங்குங்கள். ஜீபியிடம் போய் நித்திரையைப் பற்றிச் சொல்லிக் கடிதம் கேட்கட்டும். சித்திரவதைக்கு உள்ளானவர் என்றால் ஃப்ரீடம் ஃப்ரம் டோச்சர் அமைப்புக்கு ஜீபி மூலம் அனுப்பலாம். நம் நாட்டிலிருந்து வந்தவர்கள் பலரை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

எதனால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தம்பியோடு ஒரு கவுன்சில் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் நல்லவர்தான். “உடம்புக்கு ஏதும் பிரச்சினை இருக்கிறதா?” என்று கேட்டார். இவர் சிரித்துக்கொண்டு, “நோ, நோ, ஐ ஆம் ஃபைன்” என்றார். சொல்லும்போதே வலது கை, இடது சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து மூடியது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், வரிசையாகச் சிகரெட் சுட்ட தழும்புகள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் படிவத்தில் ‘இல்லை’ என்று குறித்துவிட்டார். வெளியே வந்து ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். “அக்கா, சுகமோ எண்டு கேட்டா சுகம் எண்டுதானே சொல்லுறது” என்றார்.

அவ்வளவுதான் காரணம். யாராவது சுகமா என்று கேட்டால் சுகம் என்று சொல்வது எங்கள் மரியாதை. அந்த மரியாதையால் அவர் 11 இரவுகள் பஸ்ஸில் படுத்தார். முடிவுக் கடிதம் வந்த 21 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்டு, டாக்டரின் கடிதத்தோடு போய்த்தான் மாற்ற முடிந்தது. உங்கள் மருமகனுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால் அந்த 21 நாளைத் தவறவிடாதீர்கள்.

ஆகவே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி உங்கள் அறையைக் கொடுப்பதல்ல. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு லீட்ஸுக்குப் போங்கள். கடிதங்களை ஒரு ஃபைலில் அடுக்குங்கள், கவுன்சிலுக்குக் கூடவே போங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், அது அவருடைய உரிமை. நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம். உங்களுக்கு இங்கிலீஷ் போதாது என்பதல்ல. அம்மாவின் அண்ணனுக்கு முன்னால் எந்தப் பிள்ளையும் தன்னைப் பிடித்துக்கொண்டு போன இடத்தில் என்ன நடந்தது என்று வாய் திறக்காது.

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். இரண்டு தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருங்கள். வந்த பிறகு உள்ளே என்ன கேட்டார்கள் என்று விசாரிக்க வேண்டாம், அண்ணா.